நின்றுபோன ஜானவாசம்

என் மனைவி அஞ்சம்மாள் என்னை மன்னித்துவிட்டாள். நான் செய்யாத திருட்டுக்காக. இந்த ஒரு விஷயத்தை மூன்று வருடம் நெஞ்சில் போட்டுக்கொண்டு சோறு தின்றவன் நான். அதனால் சொல்லப்போவதில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் அதுவும் உங்கள் இஷ்டம்.

என் பெயர் எலியேசர். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டோரமாகத் தகரம் போட்ட ஒரு ஷெட்டில் கார் ரிப்பேர் பார்க்கிறேன். தொண்ணூற்றைந்து வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய சர்வீஸ் ஸ்டேஷனில் வேலை. காக்கி யூனிபாரம், நெஞ்சுப் பையில் நூலால் தைத்த பெயர், எல்லாம் உண்டு. அந்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்ரீநிவாசராகவன் என்பவர் தன் காரை சர்வீசுக்கு விட்டுவிட்டுப் போனார். பேங்க்கில் பெரிய ஆபீசர், அவர் காலனி அசோசியேஷனுக்கு செகரட்டரி. காலையில் குடும்பத்தோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டு நேரே எங்களிடம் வந்திருந்தார்கள். கொக்கி தளர்ந்துபோன செயினைக் கழற்றி டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்ததாக அவர் சம்சாரத்துக்கு ஞாபகம். சாயங்காலம் வண்டியை எடுக்க வந்தபோது பெட்டியில் செயின் இல்லை. அன்றைக்கு அந்த வண்டியில் கை வைத்தவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் போலீஸ் ஜீப் எங்கள் சந்துக்குள்ளேயே வந்து நின்றது. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். "ஆறு சவரன், சங்கு சக்கர டாலர், சங்கில் பதித்த பச்சைக்கல் விழுந்துபோனது" என்று எஸ்.ஐ. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். சிறுவயதில் மனப்பாடம் செய்த பைபிள் சங்கீதம் எல்லாம் எனக்கு மறந்துவிட்டது, அந்த ஒரு வரி மறக்கவில்லை. இரண்டாம் நாள் அடி தாங்காமல் "ஆமா சார், நான்தான் எடுத்தேன்" என்றேன். எங்கேடா விற்றாய் என்றார்கள். வாயில் வந்த கடையைச் சொன்னேன். அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார். அதற்கும் தனியாக அடி விழுந்தது. அப்புறம் தாம்பரத்தில் உள்ள நகைக்கடை ஒன்று விடாமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, தினமும் வந்து கையெழுத்துப் போடு என்று வீட்டுக்கு விட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து ஸ்ரீநிவாசராகவன் புகாரை வாபஸ் வாங்கினார். "குடும்பஸ்தன், போகட்டும்" என்றாராம். ஊரே அவருடைய பெரிய மனசைப் பேசியது. என் மாமனார் சுவிசேஷமுத்து ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்திக் கும்பிட வைத்தார். நானும் கும்பிட்டேன். அவர் எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வேலை போனது போகட்டும், கைத்தொழில் இருக்கிறது. அஞ்சம்மாள்தான் என்னைக் கொன்றாள். நான் எடுக்கவில்லை என்று எத்தனையோ முறை அவளிடம் சொன்னேன். "ஸ்டேஷன்ல நீயே ஒத்துகினியே" என்பாள். அடித்தார்கள் என்பேன். "வுடுய்யா. கர்த்தரே மன்னிச்சிட்டாரு, நான் மன்னிக்க மாட்டனா?" என்று என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றுவாள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மன்னிக்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? பக்கத்து வீட்டு ஞானம்மாள் வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனால், அஞ்சம்மாள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வாள். ஆணியில் மாட்ட மாட்டாள். ஆணி என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

இதெல்லாம் தொண்ணூற்றெட்டு வைகாசி வரைக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஏதோ மாப்பிள்ளை ஊர்வலத்து நாதஸ்வரம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடியும் ஆரம்பித்தது, மறுபடியும் நின்றது. டிரைவர் சேட்டு ஓடிவந்தான். எங்கள் பக்கத்துப் பையன், யார் கூப்பிட்டாலும் அன்றைய தினத்துக்கு வண்டி ஓட்டுவான்.

"அண்ணா, ஓடியா! ஜானவாச வண்டி நின்னு நின்னு போவுது. ஸ்டார்ட் பண்ணா ஓடுது, பத்தடி போனா பொட்டுனு அணைஞ்சிடுது. மாப்ள உள்ள குந்திகினு கீறாரு. செம பேஜாரா பூட்சி!"

டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். நூறு அடிதான். புது ரக இன்ஜெக்‌ஷன் கார், பானெட் தெரியாத அளவுக்கு மல்லிகையும் சாமந்தியும். பின் சீட்டில் கோட்டு சூட்டில் மாப்பிள்ளை வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். அவருக்காக ஏ.சி.யைப் போட்டு, ஜனம் பார்ப்பதற்காகக் கண்ணாடியையும் இறக்கி வைத்திருந்தார்கள். முன்னால் மேளம், இரண்டு பக்கமும் காஸ் லைட்டுக்காரர்கள், பின்னால் பட்டுப் புடவையும் ஜரிகை வேஷ்டியுமாக இருநூறு பேர். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பெண்ணின் அப்பா முன்னால் வந்தார். ஸ்ரீநிவாசராகவன்.

தாடி வைத்திருந்தும் என்னை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் ஒரு நொடி சுருங்கியது. அப்புறம் சேட்டுவிடம், "ஏண்டா, நோக்கு வேற மெக்கானிக்கே கிடைக்கலையா?" என்றார்.

"இந்த வண்டி தெரிஞ்சவரு இந்த ரோட்ல இவர் ஒருத்தருதான் சார்."

பக்கத்தில் உயரமாக ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மாப்பிள்ளையின் அப்பா கஸ்தூரிரங்கன். "யாரா இருந்தா என்ன ஓய்? ஏழரைக்குள்ள மண்டபத்துல நிச்சயதார்த்தம் ஆரம்பிச்சாகணும். நீ பாருப்பா" என்றார்.

ஸ்ரீநிவாசராகவன் ஒதுங்கினார். ஒதுங்கும்போது பெண்டுகளைப் பார்த்துச் சொன்னார்: "நகை போட்டுண்டிருக்கறவா எல்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்கிற அளவு மெதுவாக.

எனக்கு அவசரம் போய்விட்டது. பூச்சரத்தை அறுத்தால் அபசகுனம் என்று யாரோ ஒரு மாமி சொன்னாள். ரொம்ப நல்லது என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். இருபது முடிச்சு இருக்கும். கஸ்தூரிரங்கன் அதற்குள் நாலு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

என்ன கோளாறு என்று பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே தெரியும். இந்த வண்டிக்குக் கார்புரேட்டர் கிடையாது. ஆக்சிலேட்டரை மிதிக்காத நேரத்தில் என்ஜின் மூச்சு விடுவதற்கு ஒரு சின்ன வழி வைத்திருப்பார்கள். அந்த வழியைத் தேவைக்குத் தக்கபடி திறந்து மூடுவதற்கு ஒரு வால்வு. ஐடில் வால்வு என்போம். வண்டி வேகமாகப் போகும்போது அது செத்துக் கிடந்தாலும் தெரியாது. மேளக்காரருக்குப் பின்னால் ஏ.சி.யோடு ஊரும்போதுதான் அதன் அருமை தெரியும். பேங்க்குக்கும் வீட்டுக்கும் பறக்கிற வண்டியை ஜானவாசத்துக்கு விட்டால் இதுதான் கதி. ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு திறந்த காரை அமர்த்தியிருக்கலாம். தன் வண்டியில் மருமகன் வர வேண்டும் என்று இவருக்கு ஆசை.

ஒயர் முனையைக் கழற்றி, இரண்டு ஸ்குருவை எடுத்து, வால்வை உருவினேன். முன்னால் கை வைத்த மகராசன், ரப்பர் வளையம் கெட்டிப்பட்டதும் புது வளையம் போடாமல் சிவப்பு பேஸ்டை வழித்து அப்பியிருந்தான். பழைய வண்டிகளில் பழகிய கை. இறுக்கியதும் பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, வால்வின் முனையில் ஒட்டி, அதன் மேல் கரி ஏறி, முனை நகர முடியாமல் சிக்கியிருந்தது. சுத்தம் செய்து, ஒரு புது வளையம் போட்டால் தீர்ந்தது. கால் மணி நேர வேலை.

ஆனால் இன்னொரு யோசனையும் வந்தது, பொய் சொல்வானேன். பழைய வளையத்தையே திரும்பப் போட்டு, ஒரு ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்தியே விட்டால் போதும். கள்ளக் காற்று உள்ளே போகும். வண்டி இங்கே ஓடும். சூடேறியதும் திணறும். மண்டப வாசலில், ஆரத்தித் தட்டுக்கு எதிரில், ஏறி இறங்கித் தவித்து நிற்கும். இருநூறு பேர் முன்னால் அந்த ஆள் கையைப் பிசைய வேண்டும். என் மனசு அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது.

முனையில் கிளீனரை அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் பக்கம் நனையக் கூடாது, முனையை விரலால் தள்ளவும் கூடாது, அதனால் குனிந்து கவனமாகச் செய்கிற வேலை. அப்போது ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து, "இன்னும் எத்தனை நேரம் ஆகும்பா?" என்று கேட்டாள். அவர் தள்ளி நிற்கச் சொன்ன பிறகும் கிட்டே வந்த ஒரே ஆள். காஸ் லைட் வெளிச்சம் அவள் கழுத்தில் விழுந்தது. காசுமாலைக்குக் கீழே ஒரு செயின். சங்கு சக்கர டாலர். சங்கில் பச்சைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் குழி.

பிரஷ் கையை விட்டு விழுந்தது.

அவள் ஸ்ரீநிவாசராகவனின் சம்சாரம் வேதா. மகள் கல்யாணம், வீட்டு நகை முழுவதையும் போட்டுக்கொள்ளும் நாள். கல்லை ஏன் பதிக்கவில்லை என்றும் எனக்கு உடனே புரிந்தது. தாம்பரத்தில் எந்த ஆசாரியிடம் கொண்டுபோவாள்? ஊரில் உள்ள நகைக்கடை அத்தனையிலும் போலீஸ்காரர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இந்தச் செயினைப் பற்றி விசாரித்திருக்கிறார்களே!

நிமிர்ந்து நின்று, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டேன்: "அம்மா, இந்த செயின் எப்ப கெடைச்சுது?"

அவள் கை டாலரை மூடியது. என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"எந்தச் செயின்? நீ வேலையைப் பாரு" என்று ஸ்ரீநிவாசராகவன் பாய்ந்து வந்தார்.

நான் வால்வைத் தூக்கிக் காட்டினேன். "சார், இது என் கையில கீற வரைக்கும் வண்டி நகராது. அம்மா, நான்தான் எலியேசர். இதுக்காக ரெண்டு நாள் ஸ்டேஷன்ல தலைகீழா தொங்கினவன். கடவுள் மேல ஆணையா சொல்லுங்க. எப்ப கெடைச்சுது?"

மேளக்காரர்கள்கூட வாத்தியத்தை இறக்கிவிட்டார்கள். கஸ்தூரிரங்கன் சம்பந்தியம்மாளைப் பார்த்தார்.

"அந்த வாரமே கெடைச்சுடுத்து" என்றாள் வேதா. டாலரை மூடியிருந்த கையை எடுத்துவிட்டாள். "கோவிலுக்குக் கொண்டுபோன கூடைல, காஞ்சுபோன துளசிக்கு அடில இருந்தது. நான்தான் மறந்துபோய் அதுல போட்டிருக்கேன். போலீஸ்ல போய்ச் சொல்லிடுங்கோன்னு இவர் கால்ல விழாத குறையாச் சொன்னேன். புகாரைத் திரும்ப வாங்கிண்டாச்சு, இப்போ சொன்னா நமக்குத்தான் அசிங்கம்னார்."

வாபஸ் வாங்கியது பெரிய மனசால் இல்லை. செயின் வீட்டில் இருந்ததால். அதன் பிறகு நான் பழத்தோடு போய்க் கும்பிட்டபோது, அந்தச் செயின் உள்ளே அலமாரியில் இருந்திருக்கிறது. கையிலிருந்த வால்வை அவர் முகத்தில் எறிந்திருப்பேன். எறிந்தால் முனை வளைந்துவிடும் என்று கை தானாக நின்றது. தொழில் புத்தி.

ஸ்ரீநிவாசராகவன் உதட்டை நக்கினார். "சரிப்பா, ஏதோ நடந்துபோச்சு. ஐயாம் சாரி. போதுமா? கல்யாணம் முடியட்டும், ஒரு நாள் வா, பேசிக்கலாம்."

"எனக்கு சாரி வேணாம் சார். நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். என் பொண்டாட்டிக்குத்தான் தெரியாது. அவகிட்ட வந்து சொல்லுங்க."

"வரேன். நாளன்னிக்கு..."

"இப்பவே. இதோ, சர்ச்சுக்குப் பின்னால சந்து. மேளத்தோட, லைட்டோட, மாப்ள வண்டியோட வாங்க. ஜீப்பு வந்தப்ப தெருவே பார்த்துச்சு. இதையும் தெரு பார்க்கட்டும்."

"ஜானவாசத்தை உன் சந்துக்குத் திருப்பணுமா? என்ன திமிரு!"

சந்தன வாசனை அடிக்கும் அவர் கையைப் பிடித்து, கரியும் பேஸ்டும் வழிகிற அந்த வால்வை உள்ளங்கையில் வைத்தேன். "அப்ப நீங்களே மாட்டிக்கங்க சார்" என்றேன். கரி ஜரிகை அங்கவஸ்திரத்தில் இறங்கியது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைக் கெட்டவன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

முடிவு சொன்னது கஸ்தூரிரங்கன்தான். "ஓய், இப்படிப்பட்ட மனுஷரோடயா நான் சம்பந்தம் பண்ணிண்டிருக்கேன்னு யோசிக்க வைக்காதேயும். பேசாம அவன் ஆத்துக்கு நடையும்" என்றார்.

அதன் பிறகு வேலையைச் செய்தேன். முழு வேலையாகச் செய்தேன். தளர்ந்த ஸ்குரு யோசனை எங்கே போனதென்று தெரியவில்லை. என் சந்துக்குள் வரப்போகிற வண்டி, அங்கே அணைந்தால் எனக்குத்தான் கேவலம். வால்வு உட்காரும் குழியில் ஒட்டியிருந்த பேஸ்டை நகத்தால் சுரண்டி, துணி விட்டுத் துடைத்தேன். டப்பாவிலிருந்து அளவுக்குச் சரியான புது வளையத்தை எடுத்து, துளி ஆயில் தடவி, முறுக்கில்லாமல் உட்கார வைத்தேன். பேஸ்ட் ஒரு பொட்டும் வைக்கவில்லை. இரண்டு ஸ்குருவையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். வண்டியின் கம்ப்யூட்டர் பழைய கணக்கை மறப்பதற்காக பேட்டரி ஒயரைக் கழற்றி ஐந்து நிமிடம் எல்லாரையும் காக்க வைத்தேன். சேட்டு சாவியைத் திருப்பினான். ஏ.சி.யைப் போடச் சொன்னேன். ஒரு தடவை முக்கிவிட்டு, தானாகவே சமாளித்துக்கொண்டு, ஓடுகிற சத்தமே தெரியாமல் ஓடியது.

பேட்டரி ஸ்பேனரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் மேளம், அதற்குப் பின்னால் வண்டி. சந்து அகலம் போதாமல் காஸ் லைட்டுக்காரர்கள் சாக்கடைக் கல்லின் மேல் நடந்தார்கள். தெருவில் எல்லா வாசலிலும் தலை. ஞானம்மாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். வண்டி நடக்கிற வேகத்தில், ஒரு இடத்தில்கூட அணையாமல், என் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது.

அஞ்சம்மாள் படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். இருநூறு பட்டுப் புடவையைக் கண்டு அப்படியே எழுந்து நின்றாள். ஸ்ரீநிவாசராகவன் மூக்கைத் துடைப்பது போல மூடிக்கொண்டார். நான் ஸ்பேனரால் அவருக்கு வழி காட்டினேன்.

"அம்மா" என்றார். "அந்தச் செயினை உன் வீட்டுக்காரர் எடுக்கலை. எங்காத்துலயேதான் இருந்தது."

"எப்ப கெடைச்சுது?" என்றாள் அஞ்சம்மாள். நான் கேட்ட அதே கேள்வி.

"மூணு வருஷம் ஆச்சு."

அவ்வளவுதான். அவர் விறுவிறுவென்று திரும்பி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அஞ்சம்மாள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீ சொன்னதெல்லாம் நெசமாய்யா?"

"எத்தினி வாட்டி சொன்னேன்."

"போலீஸ்காரன் சொன்னதை நம்பினேனே. உன்னை நம்பலையே."

மீன் கையோடு படியிறங்கி வந்தாள். தெரு பார்க்கிறது, ஊர் பார்க்கிறது என்று அவளுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் கூப்பி, "என்னை மன்னிச்சிருய்யா" என்றாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது. துடைக்க முடியாதபடி கையெல்லாம் செதில்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேதா அழுதுகொண்டிருந்தாள். நான் ஒரு நல்ல வார்த்தை சொல்வேன், மேளத்தை எடுக்கலாம் என்று மேளக்காரர் நாதஸ்வரத்தை வாய்க்கருகில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஸ்ரீநிவாசராகவனின் முகம் விழுவதைப் பார்ப்பதற்குத்தான் இத்தனையும் செய்தேன் என்று நினைத்திருந்தேன். அந்த ஆள் பக்கம் நான் திரும்பக்கூட இல்லை. அவர் யாரோ. என்னை அவருக்குத் தெரியாது, சந்தேகப்பட்டார். இவளுக்கு என்னைத் தெரியும். பதினோரு வருடம் என்னோடு வாழ்ந்தவள்.

"சரி வுடு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான். ஒவ்வொரு வேளையும் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிய அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"மூணு வருசம் போவட்டும், அஞ்சம்மா" என்றேன்.